வார்ஃபரின் சாப்பிடுபவர் தேநீர் குடிக்கலாமா?

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலையும் காய்கறியும் அடுத்தடுத்த சரிவுகளில் விளைகின்றன. 1929இல் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டங்கள் ஒருபுறம். முட்டைக்கோஸும் கீரையும் விளையும் பண்ணைகள் மறுபுறம். இரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் பயப்படுகிறார்கள். தேநீர் பற்றிய பயம் பெரும்பாலும் வீண். கீரையில் கவனம் தேவை. ஆனால், அதை அறவே ஒதுக்குவது தவறு.

1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. காரணத்தைத் தேடிய கார்ல் பால் லிங்கின் விஸ்கான்சின் ஆய்வகத்தில் பிறந்ததே வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாக வந்தது, 1954இல் மனிதர்களுக்கான மருந்தானது.

இரத்தத்தை உறைய வைக்கும் சில புரதங்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே வேண்டும். பயன்பட்ட அந்த வைட்டமின் மீண்டும் புதுப்பிக்கப்படுவதை வார்ஃபரின் தடுக்கிறது. ஆகவே, உணவில் வைட்டமின் கே திடீரென்று கூடினால் மருந்தின் வேகம் குறையும். திடீரென்று குறைந்தால் கூடும்.

காய்ந்த தேயிலையில் வைட்டமின் கே நிறைய உண்டு. ஆனால், அது கொழுப்பில் கரைவது. வெந்நீரில் அவ்வளவாக இறங்காது. வடிகட்டி எறியும் சக்கையோடு போய்விடும். தினமும் சில கோப்பை தே ஓ (பாலில்லாத் தேநீர்) அல்லது தே தாரேக் (பால் தேநீர்) குடிப்பதால் சிக்கலில்லை. இலைத்தூளையே கலக்கிக் குடிக்கும் மாட்சா வேறு கதை. பச்சைத் தேநீரையும் அளவின்றிக் குடிக்கக் கூடாது: நாள்தோறும் சுமார் 2 முதல் 4 லிட்டர் குடித்த வார்ஃபரின் நோயாளி ஒருவருக்கு, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 3.79இலிருந்து 1.37க்கு இறங்கியதாக 1999இல் பதிவாகியுள்ளது. வார்ஃபரின் எடுக்கும் பலருக்கு இருக்க வேண்டிய அளவு 2 முதல் 3.

100 கிராம் பசலைக்கீரையில் ஏறத்தாழ 480 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. முட்டைக்கோஸில் சுமார் 75. புரட்டாசி விரதத்தில் தினமும் கீரை, விரதம் முடிந்ததும் கீரையே இல்லை என்றால் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். வாரத்தில் இருமுறை கீரை என்றால், ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கட்டும்.

மதுவும், ஜின்செங், ஜின்கோ போன்ற மூலிகை மாத்திரைகளும்கூட ஆபத்தாகலாம். அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற புதிய இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளுக்குக் கீரைக் கட்டுப்பாடு இல்லை. மது, மூலிகை எச்சரிக்கை அவற்றுக்கும் உண்டு.

உணவுப் பழக்கத்தை மாற்றுவதானால், முன்கூட்டியே மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ சொல்லுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்றாதீர்கள். இரத்தப் பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள்.