கடைசியில்தான் டிரான்ஸ்மிட்டர்

1995-இல் நம் பெருநகரங்களில் பேஜர் சேவை தொடங்கியபோது, இடுப்பில் செருகிய அந்தச் சின்னக் கருவியைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். எனக்குப் பிழைப்பு, சென்னையில் ஒரு ஏ.சி. அறைக்குள் ஆளுயர ரேக்கில் நின்ற, செய்திகளை வாங்கி டிரான்ஸ்மிட்டர்களுக்கு அனுப்பும் டெர்மினலோடு. இரவு ஷிப்ட் டெக்னீஷியன்.

கரன்ட் போய், யு.பி.எஸ்.ஸும் கைவிட்டு, டெர்மினலை முதலிலிருந்து கிளப்ப வேண்டி வந்தால், வேலைக்குப் புதிதாக வந்த பையன்கள் டிரான்ஸ்மிட்டர் பக்கம் ஓடுவார்கள். அது கடைசி வேலை. முதலில் டெர்மினல் தன் மெமரியைச் சரிபார்க்கும். பிறகு ஒவ்வொரு கார்டாக விசாரிக்கும். அடுத்து ஹார்ட் டிஸ்கிலிருந்து சந்தாதாரர் பட்டியலை ஏற்றும். யாருடைய பேஜர், அதன் முகவரி எண் என்ன, வெறும் எண்களா, எழுத்தும் காட்டுமா, பணம் கட்டியிருக்கிறாரா, எல்லாம் அதில்தான். பட்டியல் முழுசாக ஏறும்வரை டெலிபோன் லைன்களை பிஸியாகவே வைத்திருப்போம். அவசரப்பட்டுத் திறந்துவிட்டால், நல்ல நம்பரைக்கூட ‘அப்படி யாரும் இல்லை’ என்று டெர்மினல் தள்ளிவிடும்.

அதற்குப் பிறகுதான் டிரான்ஸ்மிட்டர்கள். நகரத்தில் உயரமான சில மொட்டை மாடிகளில் அவை இருந்தன. எல்லாம் ஒரே அலைவரிசையில், ஒரே செய்தியை, ஒரே நொடித்துணுக்கில் சொல்ல வேண்டும். ஒன்று கொஞ்சம் பின்தங்கினாலும், இரண்டு டிரான்ஸ்மிட்டரும் எட்டுகிற தெருவில் நிற்பவரின் பேஜரில் கண்டபடி எழுத்து வரும். அந்த நேரப் பொருத்தத்தைப் பார்த்த பிறகு ஒரு சோதனைச் செய்தி அனுப்புவோம். ரேக்கின் மேல் கிடக்கும் பழைய பேஜர் ‘பீப் பீப்’ என்றால் லைன்களைத் திறக்கலாம். எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான்.

இனி ஒரு செய்தியின் கதை. வீட்டிலிருந்து ஒருவர் போன் செய்து பேஜர் எண்ணைச் சொல்லி, “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வரச் சொல்லுங்க” என்பார். ஆபரேட்டர் பெண் அதை ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டுவாள். டெர்மினல் அதை வரிசையில் போட்டுவிட்டு, வானொலிக்கு ஏற்ற பிட்டுகளாக மாற்றும். அப்போது பரவலாக இருந்த முறை போக்சாக். பிரிட்டிஷ் தபால் துறை கூட்டிய குழு வகுத்தது, 1982-இல் சர்வதேசத் தரமானது.

அந்த முறையின் சாமர்த்தியம் முழுக்க பேஜரின் தூக்கத்தில் இருக்கிறது. ரிசீவர் எந்நேரமும் விழித்திருந்தால் ஒற்றை பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? அதனால் பேஜர் பெரும்பாலும் தூங்கும், அவ்வப்போது ஒரு கணம் காதைத் திறக்கும். எப்போது திறக்கும் என்று டெர்மினலுக்குத் தெரியாது. எனவே செய்திக்கு முன்னால் 1, 0, 1, 0 என்று மாறிமாறி 576 பிட்டுகளை அனுப்பும். நொடிக்கு 512 பிட் வேகத்தில் அது ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் எல்லா பேஜரும் விழித்துவிடும்.

அதற்குப் பின் எட்டு ஃப்ரேம்களாக, அதாவது நேரப் பிரிவுகளாக, முகவரிகளும் செய்திகளும். ஒரு பேஜர் எட்டையும் கேட்க வேண்டியதில்லை. தன் முகவரி எண்ணை எட்டால் வகுத்து வரும் மீதிதான் அதன் ஃப்ரேம். 1234567 என்ற பேஜருக்கு மீதி 7. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் அது கடைசி ஃப்ரேம். எஸ்-7 பெட்டி எங்கே நிற்கும் என்று தெரிந்த பயணி பிளாட்பாரத்தில் அந்த இடத்தில் மட்டும் நிற்கிற மாதிரி, மற்ற ஏழிலும் அது தூங்கலாம். ஆகவே வரிசையில் முதலில் வந்த செய்தி முதலில் போகும் என்றில்லை; அந்தந்தப் பேஜரின் ஃப்ரேம் வரும்வரை டெர்மினல் காத்திருக்கும், நடுவே வெற்றிடத்தை வெறும் நிரப்பு பிட்டுகளால் அடைக்கும்.

செய்தி 32 பிட் துண்டுகளாகப் போகும். அதில் செய்திக்கு 20 பிட்தான். ஒரு எழுத்துக்கு ஏழு பிட் என்பதால் மூன்று எழுத்துகூட அடங்காது, மூன்றாவது எழுத்து உடைந்து அடுத்த துண்டுக்குப் போகும். மிச்சத்தில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு. வழியில் இரண்டு பிட் கெட்டாலும் பேஜர் தானே சரிசெய்துகொள்ளும்.

இத்தனை செய்தும், செய்தி கிடைத்ததா என்று டெர்மினலுக்குத் தெரியவே தெரியாது. பேஜரில் டிரான்ஸ்மிட்டர் கிடையாது. ஆள் லிஃப்டுக்குள் இருந்தால் செய்தி போனது போனதுதான். “போய்ச் சேர்ந்துச்சா சார்?” என்று திரும்பத் திரும்பக் கேட்பவர்களிடம், “அனுப்பிட்டோம்மா” என்பதற்கு மேல் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. வேண்டுமானால் இன்னொரு தடவை அனுப்புவோம். இந்தியாவில் பேஜரைச் சாகடித்தது செல்போன் என்பார்கள். ஆனால் செல்போன் வந்த பின்னும் இன்கமிங்குக்குக் காசு பிடித்தார்கள், அதனால் ஏற்கெனவே நொடிந்துபோன பேஜரைச் சிலர் விடாமல் வைத்திருந்தார்கள். 2003-இல் இன்கமிங் இலவசமானதும் அந்தக் காரணமும் போயிற்று.

ஆனாலும் பதிலே பேசாத குணத்துக்காகவே சில இடங்களில் பேஜரை இன்னும் விடவில்லை. ஜெர்மனியில் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களை இன்றும் போக்சாக் பேஜர்கள் கூப்பிடுகின்றன. ஆயிரம் பேரைக் கூப்பிட்டாலும் ஒரே அறிவிப்பு, ஒரே நேரம். செல்போன் டவர் திணறுகிற நெரிசல் இங்கே இல்லை.