தடுப்பதற்கும் ஒரு வாத்தியார்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகளில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே, எதிரணியைத் தடுப்பதற்கென்றே தனிப் பயிற்சியாளரை நியமிக்கிறார்கள். "தடுப்பதற்கு எதற்குத் தனி வாத்தியார்?" என்று நம் வீடுகளில் கேட்கக்கூடும்.

நான் ரயில்வேயில் இருந்தவன். ஒரு தடத்தில் வண்டி நிற்கும்போது மற்றொரு வண்டிக்கு அங்கே வழி கிடைக்காதபடி பூட்டி வைப்பதே இன்டர்லாக்கிங். தடுப்பாட்டமும் அப்படித்தான். ஒருவர் முன்னேறிப் பந்தை மறித்தால், அவர் விட்ட இடத்தை அடுத்தவர் உடனே அடைக்க வேண்டும். இது தானாக வராது. ஒருவர் நின்று பழக்க வேண்டும்.

நமது பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கடலோரப் பொழியூர், கால்பந்து வீரர்களுக்குப் பெயர் பெற்ற ஊர். 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தாவில் நடந்த சந்தோஷ் டிராபி இறுதியாட்டம் வங்கத்துடன் 2-2 சமன்; பெனால்டியில் கேரளம் 4-2 என வென்றது. பொழியூர் சீசனும் பெனால்டியில் கோல் அடித்தார். ஆனால் கோல்கீப்பர் மிதுன் இரண்டைத் தடுத்திராவிட்டால் கோப்பை ஏது?

ஆகவே பெற்றோர்களே, விளையாடி வரும் பிள்ளையிடம் "எத்தனை கோல் போட்டாய்?" என்பதோடு "எத்தனை தடுத்தாய்?" என்றும் கேளுங்கள்.