கார்ல கோடு விழுந்துடுச்சா? ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நகத்தை வெச்சுப் பாருங்க!

அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் பக்கத்து பைக்கோட ஹேண்டில்பார், மார்க்கெட் தெருவுல உரசிட்டுப் போன ஷேர் ஆட்டோ... யார் போட்டதுன்னே தெரியாம கார் கதவுல ஒரு கோடு இருக்கும். பெயின்ட் அடிக்கக் கொடுத்தால் ஒரு பேனலுக்கே சில ஆயிரங்கள் ஆகும். ஆனா, எல்லாக் கோட்டுக்கும் அந்தச் செலவு தேவையில்லை.

கார் தகட்டின் மேல் முதலில் ப்ரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட் இருக்கும். பளபளப்பு இந்தக் கடைசி அடுக்குலதான். சுமார் 40, 50 மைக்ரான் தடிமன்தான், பெரும்பாலும் நம்ம தலைமுடியைவிட மெல்லிசு.

கோட்டின் குறுக்கே நகத்தை மெதுவா இழுத்துப் பாருங்க. நகம் சிக்காமல் வழுக்கிப் போனால், காயம் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. தண்ணீர் தெளித்ததும் கோடு மறைஞ்சாலும் அதே அர்த்தம்தான். நகம் சிக்கினாலோ, உள்ளே வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தாலோ, பெயின்டும் போயிருக்கு.

முதல் வகையை வீட்டிலேயே சரிசெய்யலாம். நிழலில் நிறுத்தி, பாடி சூடு தணிந்ததும் கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்க. இதுல சோம்பல் வேண்டாம். ஒரு மணல் துகள் துணியில் மாட்டினால் ஒரு கோடு பத்தாகும். ஈரம் காய்ந்ததும், மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு ரப்பிங் காம்பவுண்ட் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் தேயுங்க. நாலைந்து தடவை தேய்த்ததும் துடைத்துப் பாருங்க. பிறகு பாலிஷ், கடைசியில் வாக்ஸ்.

இங்கே பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. காம்பவுண்ட் கோட்டை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து, கோட்டின் ஆழத்துக்குக் கீழே இறக்குகிறது. ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய அடுக்கு கொஞ்சம் குறையும். திரும்ப வளராது. அதனால, மங்கலா கொஞ்சம் தெரிஞ்சா விட்டுடுங்க. கதவு ஓரங்களிலும், பாடியில் மடிப்பு வரும் இடங்களிலும் அழுத்தவே கூடாது. பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் பக்கமே போகாதீங்க. யூடியூப் புகழ் டூத்பேஸ்ட்? அதுவும் லேசாக உராயும் பொருள்தான். மெல்லிய தடத்துக்கு ஓரளவு கைகொடுக்கும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் கோட்டை மறைக்கும், அடுத்த வாஷ் வரைக்கும். மேட் ஃபினிஷ் காராக இருந்தால் இது எதையும் செய்ய வேண்டாம். தேய்த்த இடம் மட்டும் பளபளன்னு தனியாத் தெரியும்.

நகம் சிக்குகிற கோட்டுக்கு டச்-அப் பெயின்ட். 'வெள்ளை' என்று கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒரு வெள்ளையைத் தருவார். உங்கள் காரின் கலர் கோடு கதவுத் தூணிலோ, பானட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் தகவல் பலகையில் பெரும்பாலும் இருக்கும், அதைச் சொல்லிக் கேளுங்க. கோட்டுக்குள் மட்டும், மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. மேலே கிளியர் கோட் பூச்சு. மெட்டாலிக் நிறங்கள் அச்சு அசலாகப் பொருந்தாது, பக்கத்துல போய்ப் பார்த்தா தெரியத்தான் செய்யும்.

தகடு தெரியும் அளவுக்கு ஆழமான கோட்டைத் தள்ளிப்போடாதீங்க. திருவான்மியூர், தூத்துக்குடி மாதிரி கடல் காற்று வீசும் ஊர்களில் துரு சீக்கிரம் பிடிக்கும், பெயின்டுக்கு அடியில் பரவவும் செய்யும். பம்பர் கோட்டுக்கு அந்த அவசரம் இல்லை. அது பெரும்பாலும் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது.

இன்ஷூரன்ஸ்ல போட்டுடலாமேன்னு தோணும். ஒரு கிளெய்ம் போட்டால், அடுத்த ரினியூவலில் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20% முதல் 50% வரை கிடைக்கும் தள்ளுபடி அது. கட்டாயப் பிடித்தம் வேறு உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்த்து, பெயின்டர் சொல்ற ரேட்டோட ஒப்பிட்ட பிறகு ஃபார்மில் கையெழுத்துப் போடுங்க.