பார்டர் வரைக்கும் போவோம்

மிதிவண்டித் தொடர் – 11

சீட் உயரம், டயரில் காற்று, பிரேக் எல்லாம் போன வாரத்தோடு சரிசெய்தாயிற்று. அப்படியும் சில நாள் கால் ஓடாது. திருநெல்வேலியிலிருந்து கிளம்பி ஆலங்குளம் தாண்டுவதற்குள் ‘எதுக்கு வந்தோம்’ என்று அலுத்துப்போகும். சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு இது பழகிய சங்கதி.

அந்த அலுப்பில் பாதிக்கு நாம் பொறுப்பே இல்லை என்பது என் கட்சி. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து தென்காசி, பாவூர்சத்திரம் என்று கிழக்கே பாய்கிறது. இந்தப் பக்கம் காற்றாலைகளை நட்டதே அதை நம்பித்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதிக்கும்போது எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், காற்றில்லாத நாளைப்போல் நான்கு மடங்கு எதிர்ப்பு. அப்போது மீட்டர் 12, 13 என்று காட்டினால் காலைத் திட்டி என்ன பயன்? மீட்டர்மேல் கைக்குட்டையைக் கட்டிவிடுங்கள். கூட வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? அந்த வேகம் போதும்.

மீதிப் பாதி தலைக்குள் இருக்கிறது. சாமுவேல் மார்கோராவும் கூட்டாளிகளும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பேரை ஒன்றரை மணி நேரம் கவனத்தைக் கசக்கிப் பிழியும் கணினி வேலையில் உட்காரவைத்துவிட்டு சைக்கிள் மிதிக்கவிட்டார்கள். சும்மா படம் பார்த்துவிட்டு மிதித்த நாளில் சராசரியாக 754 விநாடி தாக்குப்பிடித்தவர்கள் இப்போது 640-இல் விட்டுவிட்டார்கள். இதயமும் தசையும் எப்போதும்போலத்தான் வேலை செய்தன. மிதிப்பது மட்டும் முன்னைவிடக் கனமாகத் தெரிந்தது. வாரம் முழுக்கக் கணக்கு முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுப்பவர் தன்னைச் சோம்பேறி என்று ஏசிக்கொள்ள வேண்டியதில்லை.

அந்தத் தலையைக் கொஞ்சம் ஏமாற்றவும் முடியும். மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பியவர்கள், ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 3 சதவீதம் வேகம் கூடினார்கள் என்று 2004-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஒரு சொட்டும் விழுங்கவில்லை! நாம் துப்ப வேண்டாம், கடலைமிட்டாயை மென்று தின்னலாம். பசித்த பிறகு தின்பது தாமதம். மனம் சுணங்கினால் முதல் சந்தேகம் வயிற்றின்மேல் இருக்கட்டும்.

தென்காசியிலேயே குடியிருப்பவர்கள் திசையில் ஏமாறுகிறார்கள். கிழக்கே கிளம்பினால் பின்காற்று தள்ளும். நாமே பெரிய வீரர் என்று ஆலங்குளம் வரை பறந்துவிட்டு, களைத்த காலோடு எதிர்காற்றில் வீடு திரும்ப வேண்டும். சோர்ந்த நாளில் மேற்கே போங்கள். முதலில் காற்றோடு மல்லுக்கட்டிவிட்டால் திரும்பும்போது அதுவே கொண்டுவந்து சேர்க்கும்.

மேற்கே போகும் தூரத்தையும் மொத்தமாக எண்ணாதீர்கள். பிரானூர் பார்டர் வரைக்கும் போவோம், அவ்வளவுதான். (1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் திருவிதாங்கூர் எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது, ‘பார்டர்’ மட்டும் பரோட்டாக் கடைகளோடு அங்கேயே தங்கிவிட்டது.) அங்கே போனதும் செங்கோட்டை. முடிந்தால் புளியரை வயல்கள். 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில் 1,200 கி.மீ. தூரத்தை 90 மணி நேரத்தில் கடப்பவர்களும் ஒரு சோதனைச் சாவடியிலிருந்து அடுத்ததைத்தான் பார்த்து மிதிக்கிறார்கள். அதே வகையில் நம் ஊர்களில் நடக்கும் 200 கி.மீ. ஓட்டத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கெடு, டீ குடிக்கும் நேரமும் சேர்த்து. முதல், இரண்டாவது என்ற இடமெல்லாம் கிடையாது.

காய்ச்சல், நெஞ்சில் பாரம், முட்டியில் குத்தல் என்றால் மேலே சொன்ன எதுவும் செல்லாது, வண்டியைத் திருப்புங்கள்.

பார்டரில் பரோட்டா சாப்பிடும் எண்ணமிருந்தால் வரும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு கனத்தாலும் பின்காற்று பார்த்துக்கொள்ளும்.

(அடுத்த வாரம்: சாரலில் நனைந்த செயின்)