அரைக் குமிழ்

சின்னஞ்சிறு உலகங்கள் – 9

லெகோ கட்டைகளால் கப்பல் கட்ட உட்காருகிறவர், முதல் கட்டையைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அகலம் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?

வீடு கட்டும்போது இந்தக் கேள்வி வராது. லாரிக்கும் கோட்டைக்கும்கூட வராது. கப்பலுக்கு மட்டும் நட்டநடுவே ஒரு முதுகெலும்பு ஓடுகிறது. தூத்துக்குடித் தோணி கட்டும் ஆசாரிகள் அதை ஏரா என்பார்கள். ஏராவிலிருந்து இருபுறமும் விலா எலும்புபோல் எழுபவை வங்குகள். எல்லாம் முன்னால் போய்க் கூராகச் சேரும் இடம் அணியம். ஏரா ஒரு குமிழ் அகலத்தில் இருந்தால்தான் அணியம் கத்திபோலத் தண்ணீரைக் கிழிக்கும். அப்படியானால் இரு பக்கமும் சமமாக இருக்க மொத்த அகலம் 23 குமிழ், 25 குமிழ் என்று ஒற்றைப்படையில்தான் வரும். இரட்டைப்படை வேண்டுமென்றால் ஏராவை இரண்டு குமிழாகத் தடிக்கச் செய்ய வேண்டும். கப்பலின் மூக்கு மழுங்கிவிடும்.

லெகோவின் கதையை, பில்லுண்ட் ஊரின் தச்சுப் பட்டறையிலிருந்து 1958-இல் இன்றைய கட்டைக்குக் காப்புரிமை கேட்டது வரை, சென்ற வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் அளவைப் பற்றி மட்டும். கட்டையின் தலையில் முளைத்திருக்கும் வட்டக் குமிழ்தான் இந்த உலகத்தின் மூல அளவு. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். கட்டையை மூன்றாக வகுத்தாற்போல இருக்கும் மெல்லிய தகட்டின் உயரம் 3.2. கப்பல் கட்டுகிறவர்களுக்கு இந்த மூன்று எண்களும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

நான் கட்டிக்கொண்டிருப்பது வாசா. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து முதல் பயணம் கிளம்பி, ஏறத்தாழ 1,300 மீட்டர் போவதற்குள், வழியனுப்ப வந்த கூட்டத்தின் கண்ணெதிரே சாய்ந்து மூழ்கிய சுவீடன் அரசரின் போர்க்கப்பல். 1956-இல் ஆண்டர்ஸ் ஃபிரான்சென் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். 1961 ஏப்ரல் 24-இல் அது மறுபடி மேலே வந்தது. பால்டிக் கடலின் உப்புக் குறைந்த நீரில் மரம் அரிக்கும் கப்பல் புழு வாழாது என்பதால், 333 ஆண்டுகள் கழித்தும் கப்பல் கப்பலாகவே இருந்தது. அதற்கென்றே கட்டிய அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது.

கட்டையில் கட்ட வேறு எத்தனையோ கப்பல்கள் உண்டு. 1989-இல் கடற்கொள்ளையர் வரிசையில் லெகோ வெளியிட்ட பிளாக் சீஸ் பாராகுடா எங்கள் தலைமுறையில் பலரை இந்தப் பக்கம் இழுத்தது. அதில் அணியம், நடு உடல், பின்புறம் எல்லாம் வார்த்தெடுத்த பெரிய துண்டுகள். நடுத் துண்டுகளைக் கூட்டிக் கூட்டிக் கப்பலை நீட்டலாம், அகலப்படுத்த முடியாது. 2024-இல் வந்த எண்டூரன்ஸ் பெட்டியில் அப்படி இல்லை, உடலையும் சிறு துண்டுகளால் நாம்தான் கட்ட வேண்டும். மொத்தம் 3,011 துண்டுகள். அண்டார்க்டிகப் பயணி ஷாக்கிள்டனின் அந்தக் கப்பல் 2022-இல் வெட்டல் கடலில் கண்டெடுக்கப்பட்டபோது 3,008 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. தற்செயல்தான். ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த இரவில் எனக்கு உடல் சிலிர்த்தது.

வாசாவை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் அகலம்.

முன்தூலம் நீங்கலாக வாசாவின் உடல் நீளம் 47.5 மீட்டர், அகலம் 11.7 மீட்டர். அறுபதில் ஒரு பங்காகக் குறைத்தால் நீளம் 79 சென்டிமீட்டர், அதாவது 99 குமிழ். என் மேசைக்குப் பொருந்தும். ஒரு குமிழ் நிஜக் கப்பலில் 48 சென்டிமீட்டருக்குச் சமம். அகலம்? 24 குமிழுக்குக் கொஞ்சம் மேலே. 23 போட்டால் கப்பல் 66 சென்டிமீட்டர் ஒல்லியாகிவிடும். 25 போட்டால் 30 சென்டிமீட்டர் பருக்கும். 24 போட்டால் உண்மைக்கு மிக அருகில் வரும், ஆனால் அது இரட்டைப்படை.

இதற்கும் ஒரு வழி உண்டு. இரண்டு குமிழ் நீளமுள்ள தகட்டில், நட்டநடுவே ஒரே ஒரு குமிழ் வைத்த துண்டு கிடைக்கும். அதன்மேல் வைக்கும் எதுவும் அரைக் குமிழ் நகர்ந்து உட்காரும். நடுவில் ஒரு குமிழ் ஏரா, இருபுறமும் பதினொன்றரை. மொத்தம் 24. அரைக் குமிழ் என்றால் 4 மில்லிமீட்டர். கணக்கு நேரானதில் நான் அடைந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அடுத்தது உடல். கப்பலின் பக்கச்சுவர் எங்கேயும் நேராக நிற்பதில்லை. நீர்மட்டத்தருகே வயிறு புடைத்து, மேலே போகப் போகப் பானையின் தோள்போல உள்வாங்கும். அதே சுவர் முன்னால் போகப் போக ஒடுங்கவும் செய்யும். இரண்டு வளைவும் ஒரே இடத்தில் நடக்கும். செவ்வகக் கட்டையை வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, வர்ணம் பூசக்கூடாது என்பது இந்தக் கலையில் பெரும்பாலோர் கைக்கொள்ளும் நெறி. நானும் அதை மீறுவதில்லை. வெட்டிவிட்டால் அது பிளாஸ்டிக் சிற்பம் ஆகிவிடும்.

அதனால் கப்பல் தச்சன் செய்வதையே செய்கிறோம். முதலில் ஏரா, பிறகு வங்குகள். சுவரைத் தனித்தனிப் பலகைகளாகச் செய்து, சிறு கீல்களால் வங்குகளில் மாட்டுகிறோம். பலகைகளில் குமிழ்கள் மேலே பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கும். கட்டையை இப்படிப் பக்கவாட்டில் திருப்பினால் அளவு கெடாதா? கெடாது. ஐந்து தகடுகளின் உயரம் 16 மில்லிமீட்டர், இரண்டு குமிழ்களின் அகலமும் 16 மில்லிமீட்டர். நிமிர்ந்து நிற்கும் கட்டையும் படுத்திருக்கும் கட்டையும் கைகோக்கும் இடம் அதுதான். பிளாஸ்டிக் கப்பல்கள் எல்லாமே இந்த ஒரு சமன்பாட்டில்தான் மிதக்கின்றன.

இன்னொரு வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அது. ஒரு குமிழ் அகலமும் இரண்டு குமிழ் நீளமும் கொண்ட கட்டைகளை மட்டும் எடுத்து, கொத்தனார் செங்கல் அடுக்குவதுபோல மாற்றி மாற்றி வைத்து, ஒரு முழ நீளத்துக்குச் சுவர் எழுப்புங்கள். இரு முனைகளையும் உள்ளங்கையில் ஏந்தி மெல்ல அழுத்துங்கள். சுவர் வளையும். ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை இடைவெளி இருக்கிறது. ஒன்றில் தெரியாது. நூறு மூட்டுகள் சேரும்போது வில்லாகிறது. வளையவே வளையாத கட்டை கைக்குள் இசைந்துகொடுப்பதை முதல் தடவை உணர்ந்த அன்று, அதைக் கீழே வைக்க மனமில்லாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். வாசாவின் மேல்தளக் கைப்பிடிச் சுவர் முழுக்க அப்படித்தான் வளைந்திருக்கிறது.

விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள், கட்டைகளை நிறம்வாரியாகப் பிரித்துத் தந்துகொண்டிருந்தாள். நான் இரும்பு ஸ்கேலை எடுத்து அளப்பதைப் பார்த்துவிட்டு, “எல்லாக் கட்டையும் ஒரே அளவுதானே சித்தப்பா, அப்புறம் எதுக்கு அளக்கிறீங்க?” என்றாள்.

நல்ல கேள்வி. வாசாவைக் கட்டியவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டில் சுவீடன் அடி, ஓர் அடிக்கு 12 அங்குலம். மற்ற இரண்டில் ஆம்ஸ்டர்டாம் அடி, ஓர் அடிக்கு 11 அங்குலம். சுவீடன் தச்சர்களும் டச்சுத் தச்சர்களும் ஒரே கப்பலில் வேலை செய்திருக்கிறார்கள். ஓர் அடி என்று சொன்னால் இருவர் கையிலும் வெவ்வேறு நீளம் வந்திருக்கிறது. ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது கப்பலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இல்லை. அவளிடம் இதைச் சொல்லி, 1960-களில் வார்த்த ஒரு பழைய கட்டையைப் புதுக் கட்டையின்மேல் வைத்து அழுத்தச் சொன்னேன். ‘டிக்’ என்று உட்கார்ந்தது. “அப்ப அவங்ககிட்ட இது இருந்திருந்தா முழுகியிருக்காதா?” என்றாள். முழுகியிருக்கும் என்றேன். நோய் அளவுகோலில் மட்டும் இல்லை.

உண்மையான நோய் இடம். தண்ணீருக்குக் கீழே கப்பல் 4.8 மீட்டர். பின்பக்க மாளிகையோ ஏராவிலிருந்து 19.3 மீட்டர் உயரம். என் மேசையில் அது கீழே 8 சென்டிமீட்டர், மேலே 24. அந்த விகிதத்தைக் கையால் அடுக்கும்போதுதான் வயிறு கலங்குகிறது. மேலே இரண்டு தளம் நிறையப் பீரங்கிகள். மொத்தம் 64-இல் 48 பெரியவை. கீழே கல் நிரப்பிப் பாரம் சேர்க்கப் போதுமான கொள்ளளவு இல்லை. பலர் நீர்மட்டத்துக்கு மேல் உள்ள பகுதியை மட்டும் கட்டி, கப்பல் கடலில் நிற்பதுபோல மேசையில் வைப்பார்கள். வேலை பாதியாகும், பார்க்கவும் அழகு. வாசாவை அப்படிக் கட்டினால் அது ஏன் மூழ்கியது என்பதையே மறைத்ததாகிவிடும். அதனால் ஏரா வரைக்கும் கட்டினேன்.

முதல் உடல் உடைந்தது. அணியத்தையும் பின்புறத்தையும் இரு கைகளால் தாங்கி மேசையிலிருந்து அலமாரிக்கு மாற்றும்போது, நடுவில் விரிசல் கண்டு, இடுப்பில் இரண்டாகப் போனது. தவறு என்னுடையது. அரைக் குமிழ் நகர்த்தும் துண்டு இரண்டு குமிழுக்குப் பதில் ஒரு குமிழால்தான் பிடிக்கும். ஏராவின் நெடுக அதையே வைத்ததில் பிடிமானம் பாதியாகிவிட்டது. மூட்டுக்குமேல் மூட்டு வரக்கூடாது என்று எந்தக் கொத்தனாரும் சொல்வார். நானோ அளவு சரியாக வந்த மகிழ்ச்சியில் கீழே இரண்டு மூட்டுகளை ஒரே கோட்டில் விட்டிருந்தேன். நீளமான மரக்கப்பல்களும் இப்படித்தான் நடுவில் தளரும். அதற்காகத்தான் தச்சர்கள் ஏராவின் மூட்டுகளைச் சரிவாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி இணைத்தார்கள்.

மறுபடி தொடங்கும்போது 25-க்குப் போனேன். அரைக் குமிழை ஏராவிலிருந்து முழுக்க எடுத்துவிட்டேன். கப்பல் ஒரு குமிழ், அதாவது 48 சென்டிமீட்டர் அகலமானது. அப்போதுதான் ஹெய்ன் யாக்கோப்சன் நினைவுக்கு வந்தார். வாசாவைத் தொடங்கிய தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹிபெர்ட்சன் 1627-இல் இறந்துபோக, பொறுப்பு யாக்கோப்சனிடம் வந்தது. கப்பல் மூழ்கியபின் நடந்த விசாரணையில் அவர் சொன்னது: என் பங்குக்குக் கப்பலை 1 அடி 5 அங்குலம் அகலப்படுத்தினேன். ஏறத்தாழ 42 சென்டிமீட்டர். அதற்கு மேல் அகலப்படுத்த வேலை இடம் கொடுக்கவில்லை. கட்டுமானம் அவ்வளவு தூரம் முன்னேறியிருந்தது. பிறகு துறையில் நின்றபோது 30 பேரைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் ஓட்டத்தோடு நிறுத்தினார்கள். தொடர்ந்தால் அங்கேயே கவிழ்ந்திருக்கும். தெரிந்தும் அனுப்பினார்கள். விசாரணையில் யாருக்கும் தண்டனை இல்லை.

நான் 25-க்கு மாறிய இரவு வங்குகளை எல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, மறுநாள் புதிதாகத் தொடங்கினேன். ஒரு கட்டையும் வீணாகவில்லை. ஓக் மரத்தில் அறைந்த வங்கை அப்படிக் கழற்ற முடியாது. அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கும் இரக்கம் புத்தகம் படித்து வந்ததில்லை. அந்த ஒரு குமிழால் வந்தது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிறம்: முதலில் வாசாவின் பின்புறம் நீலமும் பொன்னும் என்றுதான் நம்பினார்கள். மரத்தில் ஒட்டியிருந்த சாயத் துகள்களை ஆராய்ந்தபின் சிவப்பு என்று தெரிந்தது. அதனால் நானும் கருஞ்சிவப்புத் தகடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன். சிற்பங்கள் ஏறத்தாழ 500. முகப்புச் சிங்கம் மட்டும் 3 மீட்டர், என் கணக்கில் 5 சென்டிமீட்டர். பொன்னிறத்தில் வரும் குட்டிக் கோப்பைச் சிலைகள், தவளைகள், கைப்பிடிகள் எல்லாம் அங்கே தேவர்களாகவும் வீரர்களாகவும் நிற்கின்றன. பத்துப் பாய்களில் அன்று விரித்தது நான்குதான்; என் கப்பலிலும் நான்குதான் விரிந்திருக்கும். பருத்தித் துணியை வடிகஞ்சியில் முக்கி, கவிழ்த்த குழிவான தட்டின்மேல் போர்த்திக் காயவைத்தால், காற்று நிறைந்த பாயின் புடைப்பு அப்படியே நிற்கிறது. பாயைத் தாங்கும் குறுக்குக் கழியான பருமலில் கட்டும் நூலுக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது.

கடைசியாகச் செய்தது பீரங்கிச் சன்னல்களின் கதவுகள். ஒவ்வொன்றும் குமிழில்லாத வழவழப்பான ஒரு சதுர ஓடு, மேலே ஒரு கீல். நிஜக் கதவுகளின் உட்புறத்தில் சிங்கமுகம் செதுக்கியிருந்தது, திறந்தால்தான் தெரியும். அன்று கரைக்கு மரியாதை வேட்டு போடுவதற்காக எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்திருந்தார்கள். காற்று ஒருமுறை சாய்த்தது, கப்பல் நிமிர்ந்தது. மறுமுறை சாய்த்தபோது கீழ்வரிசைச் சன்னல்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தது. அந்தக் கணத்துக்குச் சற்று முந்திய கப்பலைத்தான் நான் கட்டுகிறேன். ஆகவே எல்லாக் கதவுகளையும் திறந்தே வைத்தேன்.

அண்ணன் மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு இதையும் அவளிடம் சொன்னேன். எதுவும் கேட்கவில்லை. காலையில் அவளை ரயிலேற்றிவிட்டு வந்து பார்த்தபோது, கீழ்வரிசைக் கதவுகள் இருபக்கமும் ஒன்று விடாமல் மூடியிருந்தன.

(தொடரும்)