நிமிர்ந்த விரல்களுக்கு வேலை எங்கே?

குஷ்டரோகத்தால் பறவை நகம்போல் வளைந்துபோன விரல்களைச் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்திய பெருமை நமது வேலூருக்கு உண்டு. நம் ஜனங்களில் இதை அறிந்தோர் சிலரே.

1946-ம் வருஷம் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் ஓர் ஆங்கிலப் பாதிரியாரின் புதல்வர்; பிறந்ததோ நமது கொல்லிமலையில். டாக்டர் காக்ரேனின் அழைப்பின்பேரில் செங்கற்பட்டுக் குஷ்டரோக வைத்தியசாலையைப் பார்வையிட்ட அவர், கை கோணிய ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலி பொறுக்க முடியவில்லை! செத்த கையென்று உலகம் தள்ளிய கையில் அத்தனை பலமிருந்தது.

காரணம் எளிது. இந்நோய் முழங்கையருகிலும் மணிக்கட்டிலும் ஓடும் நரம்புகளைக் கெடுக்கிறது; உள்ளங்கையின் சிறு தசைகள் செயலற்று விரல்கள் வளைகின்றன. விரல்களை மடக்கும் முன்கைத் தசைகளோ பெரும்பாலும் பழுதுறுவதில்லை. இவ்விரல் ஒவ்வொன்றையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒரு விரலினின்றும் ஒன்றை எடுத்து, நான்காகக் கீறி, நான்கு விரல்களிலும் பக்கவாட்டில் இணைத்தால் அவை நிமிர்கின்றன. வேறு காரணங்களால் முடங்கிய கைகளுக்கு மேனாட்டார் இதை முன்னரே செய்ததுண்டு. குஷ்டரோகியின் சதை வெட்டினால் ஆறாது என்ற வீண் எண்ணமே குறுக்கே நின்றது. வேலூரில் வெட்டினார்கள், ஆறிற்று. பின்னர், மடக்கப் பழகிய தசையை நிமிர்த்தப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி. போன உணர்ச்சி மட்டும் திரும்புவதில்லை; சூடும் வெட்டும் தெரியாத கையை ஆயுள் முழுதும் கண்ணால் காக்கவேண்டும்.

இனித்தான் வெட்கக்கேடு. கை நேரானவர்கள் ஊர் திரும்பினர், வேலை கொடுப்பாரில்லை. கோணற் கைக்கு விழுந்த பிச்சையும் நேரான கைக்கு விழவில்லை! அவர்களுக்குத் தச்சுவேலை பயிற்ற டாக்டர் பிராண்டே ஒரு நிலையம் அமைக்க நேர்ந்தது.

குஷ்டரோகிகளின் சேவையைக் காந்தியடிகள் நிர்மாணத் திட்டத்திலேயே சேர்த்தார். நாம் செய்ததென்ன? வெள்ளையர் சர்க்கார் 1898-ல் இயற்றிய குஷ்டரோகிகள் சட்டத்தை ரத்துச் செய்ய 2016 வரை, சுயராஜ்யம் வந்து 69 வருஷங்கள், ஆயின. இந்நோயைக் காட்டி மனைவியை விலக்கலாமென்ற விதி 2019-ல்தான் ஒழிந்தது.

இன்று 6 மாதமோ 12 மாதமோ இலவச மருந்துண்டால் இந்நோய் குணமாகிறது. குணமானோரை வேலைக்கு விலக்கும் விதிகள் இன்னும் எந்த ஸ்தாபனத்தின் ஏட்டில் இருந்தாலும் அவற்றைத் தேடியெடுத்து நீக்குமாறு சட்டசபை அங்கத்தினர்களைக் கேட்கிறோம். தேசபக்தர்கள் தத்தம் ஊரில் பட்டறையோ நெசவுச்சாலையோ நடத்துவார்களாயின், இக்கைகளுக்கு அங்கே இடமளிக்க வேண்டுகிறோம்.