பன்னிரண்டரைக் கட்டம்

மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கும் வீட்டில், “இது மூளையைத் தின்னுடும், நிறுத்திடுங்க” என்று சொல்ல ஓர் உறவினர் கட்டாயம் இருப்பார். புதுச்சேரியை அடுத்த கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுக்கும் நகரத்து மாடி வீட்டுக்கும் இதில் வேறுபாடில்லை. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மூளைக்காகப் பயப்படுகிற குடும்பம் இதயத்தை மறந்துவிடுகிறதே என்பதுதான் என் கவலை.

1952இல் பாரிஸின் சேந்த் ஆன் மருத்துவமனையில் மருத்துவர்கள் ழான் டெலேயும் பியேர் டெனிக்கரும் குளோர்ப்ரோமசைன் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். காதில் கேட்ட குரல்கள் அடங்கின. கூடவே கை நடுங்கியது, முகம் இறுகியது, நடை தளர்ந்தது. பிரமைகளோடு தொடர்புள்ள டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைத் தடுக்கிற மருந்து, உடலசைவை நடத்தும் பகுதியிலும் அதே டோபமைனைத் தடுத்துவிடுகிறது. ஆண்டுகள் போகப் போகச் சிலருக்கு உதடும் நாக்கும் எதையோ மெல்லுவதுபோல் தாமாகவே அசையும், தூங்கும்போதுதான் ஓயும்.

இது முழுக்க மருந்தின் வேலைதானா? விடை தேட, மருந்தே சாப்பிடாத முதிய நோயாளிகள் வேண்டும். மேலைநாடுகளில் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது அரிது. எனவே ஸ்காட்லாந்து மருத்துவர் மெக்ரீடி, மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தாரோடு சேர்ந்து சென்னையில் 308 பேரைப் பரிசோதித்தார். முடிவு 1996இல் வெளியானது. நோயில்லாத முதியவர்களில் 15 சதவீதம் பேருக்கு இந்தத் தன்னிச்சை அசைவு இருந்தது. மருந்து சாப்பிட்ட நோயாளிகளில் 41 சதவீதம். மருந்தையே தொடாத நோயாளிகளில் 38 சதவீதம்! நோயே அசைவைக் கொண்டுவருகிறது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஆனாலும் மருந்து குற்றமற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து தொடாதவர்கள் வெறும் 21 பேர், சராசரி வயது 65. மருந்து சாப்பிட்டவர்களின் சராசரி வயது 57. வயது ஏற ஏறக் கூடுகிற கோளாறு, எட்டு வயது இளையவர்களிடமும் அதே அளவு இருந்தால் மருந்துக்கும் அதில் பங்கிருக்கலாம் அல்லவா?

மூளை சுருங்குவதும் இப்படித்தான் சிக்கலானது. நோயினாலும் சுருங்கும், மருந்தினாலும் சுருங்கலாம். ஆரோக்கியமான குரங்குகளுக்கு ஓராண்டுக்கும் மேலாக ஹாலோபெரிடால், ஓலான்சாபின் ஆகிய மனநோய் மருந்துகளைக் கொடுத்த ஆய்வில், மூளையின் எடை 8 முதல் 11 சதவீதம் குறைந்திருந்தது.

இதயத்தின் கணக்கு இவ்வளவு குழப்பமானதல்ல. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல்கள் பொட்டாசியத்தை வெளியேற்றித்தான் அடுத்த துடிப்புக்குத் தயாராகின்றன. சில மனநோய் மருந்துகள் பொட்டாசியம் வெளியேறும் வாசலை அடைக்கின்றன. தயாராகும் நேரம் நீள்கிறது. தாளம் தப்பி, திடீர் மரணம்கூட நேரலாம். தியோரிடசின் என்ற மருந்தை அதன் நிறுவனம் 2005இல் உலகெங்கும் விலக்கிக்கொண்டதற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் டென்னசியில் நடந்த பெரிய ஆய்வு 2009இல் வெளியானது. மனநோய் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்குத் திடீர் இதய மரண அபாயம் சுமார் இரண்டு மடங்கு; அளவு கூடக் கூட அபாயமும் கூடியது. பழைய மருந்து, புது மருந்து என்ற பேதம் இதில் இல்லை.

இந்த நீட்சியை ஈசிஜி தாளிலேயே பார்க்கலாம். அதில் ஒரு சிறு கட்டம் 40 மில்லி செகண்ட். கியூ அலை தொடங்கி டி அலை முடியும்வரை எண்ண வேண்டும். துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்திய அளவு 500 மில்லி செகண்டை, அதாவது பன்னிரண்டரைக் கட்டத்தைத் தாண்டினால் ஆபத்து. சில நிமிடங்களில் முடிகிற சோதனை இது. மருந்து தொடங்கும் முன்பும் அளவைக் கூட்டும்போதும் ஈசிஜி எடுக்கச் சொல்லி நாமே கேட்கலாம். ஓலான்சாபின் இந்த இடைவெளியை அதிகம் நீட்டாது. ஆனால் எடையையும் சர்க்கரையையும் ஏற்றி வேறு வழியில் இதயத்துக்கு வரும். அதற்கு இடுப்பளவும் ரத்தச் சோதனையும் வேண்டும். குளோசாபின் என்ற மருந்தைத் தொடங்கிய முதல் வாரங்களில் காய்ச்சல், மூச்சுத்திணறல், படபடப்பு வந்தால் இதயத் தசை அழற்சியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பின்லாந்தில் 11 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், மருந்தே எடுக்காதவர்களைவிட நீண்டகாலம் எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. நாமாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். மருத்துவர் படிப்படியாகக் குறைத்தால் அந்த அபாயம் குறையும். வாந்தி, வயிற்றுப்போக்கு நாட்களில் உடலில் பொட்டாசியம் இறங்கும். இதயத்துக்கு அபாயம் ஏறும். அந்த நேரத்தில் மருந்துக் கடையில் கிருமிக்கொல்லிகளான அசித்ரோமைசினோ சிப்ரோஃப்ளோக்சசினோ கேட்டு வாங்குவதற்கு முன், வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் கிருமிக்கொல்லிகளும் அதே இடைவெளியை நீட்டுகிறவை.